என் போட்டோவுக்கு மாலை போட்டவனை அம்மன் பேசவைத்தாள்

போன வருஷம் ஆடி மாதம், தஞ்சாவூரில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு, நான் செத்து மூன்று வருஷம் ஆகிறது என்று தெரிந்துகொண்டேன். படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தாய் மதகடிக் காளி எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நல்லவள் வேஷம் போட்டு எழுதினால் அவளுக்கே பிடிக்காது.

என் பெயர் தேன்மொழி. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் விவசாயம், கொஞ்சம் சொந்த நிலம், மீதி குத்தகை. நான் ஓவியம் படித்தவள். வயல், வாய்க்கால், நடவு, மாடு, தண்ணீர் வருகிற நாள் என்று எங்கள் பக்கத்தைத்தான் வரைவேன். வரைவதில் எனக்குக் கஷ்டமே இல்லை. விற்பதில்தான் உயிர் போனது. கல்யாண மண்டபத்துக்காரர் சாமி படம் இருந்தால் பார்க்கலாம் என்றார். ஒரு ஹோட்டல்காரர் சுவரில் மாட்டிக்கொள்கிறேன், யாராவது கேட்டால் சொல்கிறேன் என்றார். யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது படத்தின் மூலையில் சாம்பார் இருந்தது. கண்காட்சி வைத்தேன். சொந்தக்காரர்கள் வந்து பஜ்ஜி சாப்பிட்டுப் போனார்கள். ஃபேஸ்புக்கில் போட்டால் "சூப்பர் அக்கா" என்பார்கள். சூப்பர் என்று சொன்னவர்களில் ஒருவராவது விலை கேட்டிருப்பாரா? இல்லை.

அப்போதுதான் அவன் வந்தான். தஞ்சாவூரில் வெளியூர் ஆட்கள் வந்து போகிற தெருவில் கலைப்பொருள் கடை வைத்திருப்பவன். 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பெயரைச் சொல்லவும் மாட்டேன், காரணம் பின்னால் வரும். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து படங்களை வாங்கிப் போவான். "நீங்க ஏம்மா பஸ் ஏறி அலையணும், நானே வர்றேன்" என்பான். எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷன் என்று நினைத்தேன். என்னைக் கடைப்பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டான் என்பது அப்போது தெரியவில்லை. கொடுத்த விலை சொற்பம். ஆனாலும் எங்கோ ஒரு வீட்டில் என் படம் தொங்குகிறது என்ற சந்தோஷத்தில் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆடி மாதத்தில் கேன்வாஸ் துணி வாங்கத் தஞ்சாவூர் போனவள், வழியில்தானே இருக்கிறது என்று கடைக்குள் நுழைந்தேன். அவன் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். சுவரில் என் படங்கள். நடுவில் என் போட்டோ, கல்லூரி முடித்த வயதில் எடுத்தது, கடையில் வைக்க என்று அவன் கேட்டு வாங்கிப் போனது. அதற்குச் சந்தன மாலை, நெற்றியில் பொட்டு, கீழே சிவப்பு பல்பு எரிகிறது.

"இவங்க பெரிய ஆர்ட்டிஸ்ட் மேடம்" என்றாள் அந்தப் பெண் என்னிடமே. "பாவம், சின்ன வயசு. தவறி மூணு வருஷம் ஆச்சு. இனிமே இவங்க படம் கெடைக்காது. இந்த மதகு படம்தான் கடைசியா வரைஞ்சது. வெலை கொஞ்சம் கூட இருக்கும்."

அந்த மதகுப் படத்தை அந்தச் சித்திரையில்தான் கொடுத்திருந்தேன். அவள் சொன்ன விலை என் ஒரு வருஷப் படங்களுக்கு அவன் கொடுத்ததைவிட அதிகம். அதற்குள் அவன் வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணை டீ வாங்க அனுப்பினான்.

"கோவப்படாதீங்கம்மா. இது வியாபாரம். உயிரோட இருக்கற ஆளு படத்தை எவன் வாங்குவான்? நாளைக்கு இன்னொண்ணு வரைவாங்க, நாளன்னிக்கு வாங்கிக்கலாம்னு போயிடுவான். செத்தாத்தான் மதிப்பு. உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

"மாலையைக் கழட்டுங்க."

"கழட்டுறேன். அப்பறம் உங்க படத்தை எங்க கொண்டுபோய் விப்பீங்க? வயக்காட்டுல இருக்கற பொம்பள வரைஞ்சதுன்னு சொல்லிப் பாருங்க, ஒரு ஆளு திரும்பிப் பாக்கமாட்டான்."

மாலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். அதுதான் என்னைக் கொன்றது. அவன் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்கே தெரியும். பஸ்ஸில் வரும்போது அழுதேன். வீட்டுக்கு வந்து தூரிகைகளைக் கட்டிப் பரண்மேல் போட்டேன். என்னிடம் ரசீது கிடையாது, நம்பிக்கையில் கொடுத்தது. போலீஸுக்குப் போனால் நான் உயிரோடு இருப்பதற்கு நானே சாட்சி சொல்ல வேண்டும். "விட்டுத் தொலை" என்றார் கணவர். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடியில் முகம் பார்த்தால் சிவப்பு பல்பு தெரிந்தது.

ஆடிக் கடைசி வெள்ளி அம்மனிடம் போனேன். எங்கள் ஊர் மதகடிக் காளி பெரிய கோயில்காரி இல்லை. வாய்க்கால் தலைப்பில், வேப்பமரத்தடியில், வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருப்பவள். ஏமாற்றப்பட்டவர்கள் அவள் முன்னால் காசு வெட்டிப் போடுவார்கள். ஒரு நாணயத்தைக் கல்லில் வைத்து உளியால் இரண்டாக வெட்டி, இன்னார் எனக்குச் செய்ததை நீ கேள் என்று போட்டுவிட்டு வரவேண்டும். பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுக்கம்மா. வெட்டிட்டா அவன் பேரைச் சொல்லக் கூடாது. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவன் கையால காசு வாங்கக் கூடாது. ஒங்க வீட்டுப் பச்சத்தண்ணிகூட அவனுக்குப் போவக் கூடாது. மீறினா வெட்டினவுங்களுக்கே திரும்பும்."

"உளியைக் குடுங்க" என்றேன்.

என்ன வேண்டினேன் என்பதை மறைக்கப்போவதில்லை. அவன் கடையில் ஈ ஓட்டவேண்டும் என்று வேண்டினேன். அவன் உட்கார இடமில்லாமல் அலையவேண்டும் என்று வேண்டினேன். அவன் பெற்ற மகளுக்கு மட்டும் எந்தக் குறையும் வரக் கூடாது, அது என்ன பாவம் செய்தது என்றும் சொன்னேன். கடைசியில் ஒன்று கேட்டேன்: "தாயே, என்னைச் செத்தவள் என்று சொன்ன அதே வாய், நாலு பேர் முன்னால், நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லவேண்டும். அதை நான் காதால் கேட்கவேண்டும்."

ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, அவன் புதுக் கார் வாங்கினான். ஐப்பசி மழையில் எங்கள் சம்பா மூழ்கியது. அந்த நேரம் பார்த்து அவனே வந்தான். வாசலில் நின்று, என் கணவரிடம், முன்பைவிடப் பலமடங்கு தருவதாகவும் வெளியில் தெரியாமல் வரைந்து கொடுத்தால் போதும் என்றும் சொன்னான். கையில் கவர் வைத்திருந்தான். மூழ்கின வயலும் அந்தக் கவரும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டன. கணவர் என் முகத்தைப் பார்த்தார். வெட்டின காசு மட்டும் இல்லையென்றால் வாங்கியிருப்பேன், சத்தியமாக வாங்கியிருப்பேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அன்று சாயங்காலம் அம்மன் எதிரில் நின்று, இப்படியா என் கையைக் கட்டிப்போடுவாய் என்று திட்டித் தீர்த்தேன்.

இந்த வருஷம் ஆனி. குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெண்மணி இறங்கினார். பின்னால் அவன், கக்கத்தில் என் மதகுப் படத்தோடு.

நடந்ததை அந்தப் பெண்மணியே பிறகு சொன்னார். அவர் பெயர் விசாலாட்சி. எங்கள் பக்கத்து ஊரில் பிறந்து நன்னிலத்தில் வாக்கப்பட்டவர், கணவர் சிங்கப்பூரில். புது வீட்டுக்குப் படம் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். கடைசிப் படம், கடைசிப் படம் என்று விலையை ஏற்றிக்கொண்டே போனதில் என் மதகு விற்காமல் அங்கேயே இருந்திருக்கிறது. பார்த்ததும் தன் பிறந்த ஊர்ப்பக்கத்து மதகு என்று அடையாளம் கண்டு, ஆசைப்பட்டு முழுப் பணமும் கொடுத்து வாங்கிப் போய்விட்டார். வீட்டில் மாட்டிவிட்டு உற்றுப் பார்த்தால் மதகில் இரும்பு ஷட்டர் இருக்கிறது. பழைய மதகில் பலகைதான் உண்டு. அதை இடித்துவிட்டு ஷட்டர் வைத்துக் கட்டி இரண்டு வருஷம்தான் ஆகிறது. நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

"செத்து நாலு வருஷம் ஆச்சுங்கறே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கட்டின மதகை அந்தம்மா எப்படிய்யா வரைஞ்சாங்க? போலிப் படத்தையா எந்தலையில கட்டினே? போலீஸைக் கூப்புடவா?"

தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்தவன், சோறு தின்கிறவன், ஆனால் மதகை ஒரு நாளும் நின்று பார்க்காதவன். படத்தில் இருப்பது பழசா புதுசா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? போலி இல்லை என்று நிரூபிக்க அவனுக்கு ஒரே வழிதான் இருந்தது. என்னிடம் வரவேண்டும்.

"அம்மா, இது நீங்க வரைஞ்சதுன்னு சொல்லுங்கம்மா" என்றான் வாசலில் நின்று.

நான் பேசவில்லை. அவன் நின்ற இடத்தைப் பார்க்கவும் இல்லை. "ஏண்டி, இது நீ காசு வெட்டின ஆளுல்ல?" என்றார் நடவுக்கு வந்த சரோஜா அக்கா, சோற்றுக் கையோடு. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

விசாலாட்சி அம்மாவுக்கு மோர் கொடுத்தேன். அவன் தொண்டை காய்ந்து தண்ணீர் கேட்டான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தெருக்குழாய்க்குப் போய்க் கையில் பிடித்துக் குடித்துவிட்டு வந்தான்.

"யாரு செத்ததுன்னு இவங்ககிட்ட சொல்லுய்யா" என்றார் விசாலாட்சி அம்மா.

"யாரும் சாவலிங்க" என்றான். "இவங்கதாங்க வரைஞ்சது. உயிரோடதான் இருக்காங்க. நாந்தான் பொய் சொன்னேன்."

நான் விசாலாட்சி அம்மா பக்கம் திரும்பினேன். "எனக்குச் சரியாக் கேக்கலைங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லுங்க."

சொன்னான். சத்தமாகச் சொன்னான். வரப்பில் நின்ற என் கணவர் திரும்பிப் பார்த்தார். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாயே, கேட்டுவிட்டேன் தாயே என்று மனசுக்குள் விழுந்து கும்பிட்டேன். பிறகுதான், அது என் கையால் வரைந்த படம் என்று விசாலாட்சி அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "அப்ப உயிரோட இருக்கறவங்க வெலைக்குக் குடு" என்று அவர் அவனிடம் மீதியைத் திருப்பி வாங்கினார். நடவுப் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்தச் சிரிப்பை விற்கச் சொன்னால் எந்த விலைக்கும் தரமாட்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "எங்க மாமனார் வயலை வரைஞ்சு தருவீங்களா? அவரு சிங்கப்பூர்ல மகன்கிட்ட இருக்காரு. தெனம் வயலைப் பத்தித்தான் பேச்சு."

நன்னிலம் போனேன். அந்த வயலின் வரப்பில் உட்கார்ந்து, அந்த வாய்க்கால் திரும்புகிற இடத்தையும் ஒற்றைப் பனையையும் அப்படியே வரைந்தேன். பெரியவர் போனில் அதைப் பார்த்து அழுதாராம். அங்கிருந்து அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி துபாயில் ஒருவர். எவன் படம் வாங்குவான் என்று கேட்டானே, அவரவர் வயலை அவரவர் வாங்குகிறார்கள். நேராக என்னிடம் வாங்குகிறார்கள். ஐப்பசியில் அந்தக் கவரை வாங்கியிருந்தால் இன்றைக்கும் நான் செத்தவளாகத்தான் வரைந்துகொண்டிருப்பேன். அவள் என் கையைக் கட்டிப்போட்டது இதற்காகத்தான்.

அவன் கதையையும் சொல்லவேண்டும். 'கடைசிப் படம்' வாங்கியவர்கள் வேறு சிலரும் இருந்தார்களாம், ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இப்போது கடையில் பாதியை வாடகைக்கு விட்டிருக்கிறான், அந்தப் பாதியில் செல்போன் கவர் விற்கிறார்கள். கேட்டபோது எனக்கு இனித்தது. இனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

போன மாதம் பூசாரியைத் தூது அனுப்பினான். இரண்டு பேரும் சேர்ந்து வந்து அம்மன் முன்னால் சமாதானமானால் காசை எடுத்துவிடலாமாம். பெருந்தன்மையாக விட்டுக்கொடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. அம்மனும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

யாரிடமாவது ஏமாந்து, வெளியில் சொல்லமுடியாமல் வெந்துகொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், தாயிடம் போங்கள். அடக்க ஒடுக்கமாக வேண்டவேண்டாம், உள்ளே கொதிப்பதை அப்படியே கொட்டுங்கள், அவள் முகம் சுளிக்கமாட்டாள். எங்கள் பக்கம் வந்தால் என் வீட்டுக்கும் வாங்க. அவன் மாலை போட்ட போட்டோவை விசாலாட்சி அம்மா மூலம் திருப்பி வாங்கி வாசல் அறையில் மாட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் வரைகிறேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடுகிறேன். போட்டுவிட்டுக் குனிந்து பார்ப்பேன். மண் படிந்து, எண்ணெய் பட்டுக் கறுத்து, காசு இரண்டு துண்டாக அவள் காலடியில்தான் கிடக்கிறது. கிடக்கட்டும்.