சிட்டுவின் முதுகும் இரண்டு சேணங்களும்

ஆடி மாதச் சனிக்கிழமை, காலை 6.40 மணி. குற்றாலத்தில் பேரருவிச் சாலைக்குப் பின்தெருவிலிருந்து மூவர் புறப்பட்டோம்: நான், பேச்சிமுத்து அண்ணாச்சி, அவருடைய செம்பழுப்புக் குதிரை சிட்டு. சீசன் காலத்தில் சுற்றுலாப் பயணிகளைச் சுமப்பவள் அவள். இதுவரை பூட்டிவந்த சேணம் அழுத்தியதில் சென்ற மாதம் முதுகில் புண் வந்து, இப்போதுதான் தோல் மூடியிருக்கிறது. அண்ணாச்சியின் மனைவி செல்லத்தாய் வாசலிலேயே முடிவைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, நீங்க படிச்சவுக, கேட்டுக்கிடுங்க. இன்னொரு வாட்டி புண்ணு வந்துச்சுன்னா அவள வித்துருவேன். அவ துடிக்கத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"யாருட்ட விப்ப?" என்றார் அண்ணாச்சி.

"உங்களையும் சேத்துத்தான் விக்கணும். வாங்குத ஆளத்தான் காணும்."

மதுரையிலிருந்து நான் கொண்டுவந்திருந்த இரண்டு சேணங்களும், சிட்டுவுக்குப் பொருந்துவதை விட்டுவரலாம் என்று குதிரைப் பயிற்சிப் பள்ளி நடத்தும் தோழி இரவல் தந்தவை. ஒன்று புதியது, உட்கார்ந்தால் சோபாவைப் போல உள்வாங்கும். மற்றது பழையது, கறுத்து இறுகியது. பொருத்தம் பார்க்கத் தோழி ஓர் எளிய வழி சொல்லியிருந்தாள். சவாரி முடிந்ததும் சேணத்தைக் கழற்றி, முதுகின் வியர்வையைப் பார்க்க வேண்டும். இருபுறமும் சீராக நனைந்து, முதுகெலும்பின் மேல் மட்டும் உலர்ந்த கோடு இருந்தால் நல்லது. ஈரத்தின் நடுவே காய்ந்த திட்டு தெரிந்தால், அந்த இடம் வியர்க்கவும் முடியாதபடி அழுந்துகிறது என்று பொருள்.

குற்றாலத்தைத்தான் நான் கணக்கில் கொள்ளவில்லை. முந்தைய நாள் முயன்றபோது சிட்டு சாரலில் வால்வரை நனைந்திருந்தாள். வியர்வை எது, மழை எது என்று பிரிக்க வழியில்லை. ஆகவே, வெயில் கிடைக்கும்வரை கிழக்கே நடப்பதென்று முடிவு செய்தோம். ஆறிய தோல் மீண்டும் கிழிந்தால் அவளை இழக்க நேரும். எனவே காய்ந்த இடத்தை அடையும்வரை அவள் முதுகில் எதுவும் ஏறக்கூடாது என்றும், ஒரு சேணத்துக்கு இருபது நிமிடமே சவாரி என்றும் வரம்பு வைத்தேன். சேணங்களை ஆளுக்கொன்றாகத் தோளில் சுமந்தோம்.

8.00 மணி, தென்காசி. ஐந்து கிலோமீட்டர் கடந்தும் கோயில் கோபுரத்தின் மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தேநீர் 12 ரூபாய். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சேணம் ஒங்க தோள்ல கெடக்கு, குதிர சும்மா வருது. யாரு மேல யாரு ஏறப் போறீய?"

"அதத்தான் இன்னும் பேசி முடிக்கல," என்றார் பேச்சிமுத்து.

9.10 மணி. பாவூர்சத்திரம் சாலையில் மேலும் நான்கு கிலோமீட்டர். தார் வெளுத்திருந்தது, காய்கறி ஏற்றிய டெம்போக்கள் புழுதி கிளப்பிச் சென்றன. வெயில் கிடைத்துவிட்டது. ஆனால் தூரத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று வியர்வையையும் விரைந்து உலர்த்தும் என்பதால், கழற்றிய உடனே பார்த்தாக வேண்டும்.

முதலில் புதுச் சேணம். வயிற்றுவாரை இழுத்ததும் சிட்டு காதுகளைப் பின்னே மடக்கி, அண்ணாச்சியின் சட்டைக்கையைக் கடிக்க வந்தாள்.

"ஏட்டி, நில்லுட்டி. வார இழுத்தா இவ எப்பவும் இப்படித்தான் சார்."

மண்பாதையில் போய்வந்தேன். எனக்கு மிகச் சுகமாக இருந்தது. இதுதான் என்று மனத்துக்குள் தீர்மானித்தும் விட்டேன். சேணத்தைத் தூக்கியபோது, சிட்டுவின் இரு தோள்களுக்குப் பின்னும் உள்ளங்கை அகலத்தில் காய்ந்த திட்டுகள். ஒன்று பழைய புண்ணை ஒட்டியே இருந்தது.

அண்ணாச்சி அதில் விரல் வைத்துப் பார்த்தார். "உங்களுக்கு மெத்த, அவளுக்குக் கல்லு."

கழுவி, காயவிட்டு, புல் மேயவிட்டு, 11.30 மணிக்குப் பழைய சேணத்தைப் பூட்டினோம். அது என் தொடைகளிடம் சிறிதும் இரக்கம் காட்டவில்லை. இருபது நிமிடம் கழித்துக் கழற்றினால், இருபுறமும் ஒரே கருமையாக ஈரம். நடுவே விரலகல உலர்ந்த கோடு. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

பிற்பகல் 3.20 மணி, மீண்டும் குற்றாலம். காய்ந்த வியர்வையின் தடத்தையும் ஊர் எல்லையிலேயே சாரல் அழித்துவிட்டது. செல்லத்தாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஈரந்தான? ஒரு செம்புத் தண்ணிய ஊத்திக்கூட எடுக்கலாம். இங்கன போட்டுக் காட்டச் சொல்லுங்க."

அண்ணாச்சி பழைய சேணத்தை வைத்து வாரை இழுத்தார். சிட்டு வைக்கோலை மென்றுகொண்டிருந்தாள்.

"இழுத்தீயளா, சும்மா தொட்டீயளா?"

"இழுத்துட்டேன்."

"அப்போ ஏன் கடிக்க வரல?"

பகலில் இதைப் பூட்டிய நேரத்தில் நானும் அண்ணாச்சியும் கொக்கியை மட்டுமே பார்த்திருந்தோம்; அவள் கடிக்க வராததைக் கவனிக்கவில்லை. அவள் குணம் என்று எண்ணியிருந்தது அவள் வலி. செல்லத்தாய் தாமே வாரை இன்னொரு துளை இறுக்கி, கழுத்தருகே காத்து நின்றார். சிட்டு தலையைத் திருப்பவில்லை.

"இது இருக்கட்டும்," என்றார். "நாலு நாள் செல்லட்டும். பொறவு சவாரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வித்துருவேன்னு சொன்னத அவட்ட சொல்லிராதீய."

மாலை 5.30 மணிக்குத் தென்காசியில் மதுரைப் பேருந்து. எங்கள் ஊரில் பிறருக்கென்று பொருள் வாங்கும்போது, கையால் அழுத்திப் பார்த்து, மென்மையாக இருந்தால் நல்லதென்று வாங்கிவிடுகிறோம். இனி அப்படி வாங்கமாட்டேன். சுமப்பவர் மீது வைத்துப் பார்ப்பேன்.

நடத்துநர் என் மடியில் இருந்த புதுச் சேணத்தைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா மெத்து மெத்துன்னுல்லா இருக்கு. குதிர எங்க சார்?"

"அதுக்கு இது வேண்டாமாம்."