மணக்காவிட்டால் சுத்தமில்லையா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, என் மனைவியின் கல்யாணக் கூறைச்சீலையை நான் ஒரு பரிசோதனைக்குத் தானம் செய்தேன். அவரிடம் கேட்காமல்.

ஆண் வாசகர்கள் எனக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்கலாம்...

விஷயம் இதுதான். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மாலா என்ற பெண் உலர்சலவைக் கடை நடத்துகிறார். கடைக்கு மேலே மாடி மாடியாகக் குடும்பங்கள். இவ்வளவு காலமும் அவருடைய மெஷின் பெர்க்ளோரோஎத்திலீன் என்ற திரவத்தில் ஓடியது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சேர்ட் காய்ந்துவிடும். கறையை நன்றாகத்தான் எடுத்தது – ஆனால் பின்னேரமானால் மாலாவுக்குத் தலையிடி, தலைச்சுற்று. புற்றுநோய் அச்சமும் உண்டு என்பதால், குடியிருப்புகளை ஒட்டிய கடைகளில் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி இங்கே பிரெஞ்சுச் சட்டம் வந்தது. மாலா புது மெஷின் இறக்கினார். அதில் தண்ணீரும் விசேஷ சவர்க்காரமும்தான். துணியை அடித்துத் துவைக்காது, தொட்டில் போல ஆட்டும்.

தலையிடி போனது. கூடவே நம்மவர்களும் போனார்கள்.

ஏன்? சலவைக்குக் கொடுத்த உடுப்பை வாங்கியதும் நாம் முதலில் என்ன செய்வோம்? மூக்கருகே கொண்டுபோவோம். மருந்து மணம் குப்பென்று அடித்தால்தான் திருப்தி. என் கோட்டை முகர்ந்துவிட்டு, "தோய்ச்சனீங்களோ?" என்று மாலாவிடம் கேட்டவன் நான். ஒபர்வில்லியேயிலிருந்து வரும் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"தண்ணியிலை தோய்க்கிறதெண்டா எங்கடை வீட்டிலை பைப் இல்லையோ?"

பிரெஞ்சுக்காரரின் கோட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அந்தக் கடை நிமிர்ந்து நிற்பது நமது கல்யாணப் பட்டுகளால். இந்த சீசனுக்குப் பட்டு வராவிட்டால் கடையைக் கைமாற்றிவிட்டு, கூசேன்வில் பக்கம் விமான நிலைய வேலைக்குப் போகவேண்டியதுதான் என்றார் மாலா.

"ஒரு கூறையைத் தோய்ச்சுக் கண்ணாடிக்குள்ளை தொங்கவிட்டா சனம் நம்பும், அண்ணை. ஆர் தருவினம்?"

கடையில் நின்ற எல்லோரும் திடீரென்று தங்கள் சப்பாத்தை ஆராயத் தொடங்கினார்கள். பத்தி எழுதுகிறவன் சும்மா நிற்கலாமா? "நான் தாறன்" என்றேன். எனக்கு எப்போதுமே மூளையைவிட வாய்க்குச் சம்பளம் கூட.

வீட்டில் அலுமாரியைத் திறந்த கையோடு பிடிபட்டேன். சுற்றுச்சூழல், சுவாசப்பை, சமூகக் கடமை என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். மனைவி பொறுமையாகக் கேட்டார்.

"உங்கடை வேட்டியைக் குடுக்கேலாதோ?"

ஆனாலும் வந்தார். மாலாவின் தலையிடிக் கதை அவருக்கும் தெரியும். பையை மட்டும் என்னிடம் தரவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் வேடிக்கை பார்க்க, மாலா சீலையை விரித்தார். உள்பக்க ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு, வெள்ளைத் துணியொன்றை வைத்து அழுத்தினார். எடுத்தார். துணியில் சீலையின் சிவப்பு ஏறியிருந்தது.

நான் மாலாவின் காதருகே போய், மெஷினில் மெதுவாக ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே என்றேன். இத்தனை பேர் முன்னால் முடியாது என்றால் வியாபாரம் என்னாவது?

"இல்லை அண்ணை. பழைய மெஷினெண்டாப் போட்டிருப்பன். இது தண்ணிக்கு நிக்காது, சாயம் கரைஞ்சு சரிகையிலை ஏறிடும். காத்தாட விட்டு, பக்குவமா அயர்ன் பண்ணித் தாறன்."

ஒபர்வில்லியேக்காரர் வெற்றிச் சிரிப்பு சிரித்தார். எனக்கு முகம் தொங்கிப்போனது. மனைவி சீலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மாலாவிடம் சொன்னார்:

"என்னட்டை வேறை பட்டுகளும் கிடக்கு. எல்லாத்தையும் கொண்டுவாறன். இப்பிடி ஓரத்தைப் பாத்துப் பாத்துச் செய்யும்."

அடுத்த நாள் கொண்டுபோனார். பெரும்பாலானவை பரிசோதனையில் தேறி, தண்ணீருக்குள் போய், சரிகை மின்ன வெளியே வந்தன. தோல்வியடைந்தவை அப்படியே திரும்பி வந்தன. மனைவி லெ பிளாங்-மெனிலில் இருக்கும் சிநேகிதிகளுக்கு ஃபோன் போட்டதில் அதிகம் பேசியது, திரும்பி வந்தவற்றைப் பற்றித்தான். இப்போது மாலாவின் கண்ணாடிக்குள் பட்டுகள் தொங்குகின்றன. கூசேன்வில் பேச்சு இல்லை.

நஞ்சுக்கு மாற்று வரும்போது நாம் அதனிடம் மாயத்தை எதிர்பார்க்கிறோம். பழைய திரவம் யாரையும் கேட்காமல் வேலையை முடித்தது – துணியையும் கேட்கவில்லை, தோய்ப்பவரின் தலையையும் கேட்கவில்லை. புதியதோ ஒவ்வொரு சீலையையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்யும். நேரம் பிடிக்கும். சிலவேளை முடியாது என்றும் சொல்லும். அப்படிச் சொல்லத் தெரிந்த ஆளிடம்தானே கூறையை நம்பிக் கொடுக்கலாம்?

இதையெல்லாம், பட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பிய அன்று, மெட்ரோவில் மனைவியிடம் சற்றுப் பெருமையாகவே விளக்கிக்கொண்டு வந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கலியாணத்துக்கு முதல் உங்களையும் ஒரு ஓரத்திலை நனைச்சுப் பாத்திருக்கோணும்."