விரிசலின் மேல் பூசிய கறுப்பு

மருந்தய்யாவைக் கொன்றவன் நான்.

பனிமூட்டம் கொன்றது என்றுதான் பொலிஸில் எழுதிக்கொண்டார்கள். இலங்கை மலைநாட்டில், றொசல்லப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் நீங்கள் விசாரித்தாலும் அதையே சொல்வார்கள். நம்பாதீர்கள்!

அவர் பெயர் சவரிமுத்து. தோட்டத்து மருந்தகம் அவர் பொறுப்பில் இருந்ததால் எல்லோருக்கும் அவர் மருந்தய்யா. நான் மாணிக்கம், தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன்.

சுதந்திரம் வந்த பிறகு சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை, தம்முடைய பழைய மோட்டார் சைக்கிளை மருந்தய்யாவிடம் விட்டுப்போனார். யுத்தத்துக்கு முந்திய வண்டி. சீட்டுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் அதைப் பிரித்துப் போட்டு, ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்தேன். கிடைக்காத பாகங்களை நானே செய்தேன். கிளச்சுக்குப் போத்தல் தக்கைகளைச் சீவிப் பொருத்தினேன். ஒருநாள் அது உறுமி எழுந்தபோது, லயமே கைதட்டியது!

பிறகு மருந்தய்யா ஒன்று கேட்டார்.

"மாணிக்கம், பிள்ளைவலி கண்ட பொம்பளைய கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடக்கிறாங்க. பாதி வழியிலேயே உசிரு போயிருது. வண்டிக்குப் பக்கத்தில ஒரு பெட்டி மாட்ட முடியுமா?"

தேயிலைப் பெட்டிப் பலகையால் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு கூடு செய்தேன். கீழே ஒரு சக்கரம். வண்டியின் இடப்புறத்தோடு அதைப் பிணைக்கப் பழைய தண்ணீர்க் குழாய்களை வெட்டிப் பற்றவைத்தேன். எத்தனையோ பெண்கள் அதில் போய்ப் பிள்ளையோடு திரும்பினார்கள். பெருமையில் என் தலை கனத்தது... ஆம், கனத்தது!

ஒரு காலையில், அடிக்குழாயின் ஒட்டில் மயிரிழை போல ஒரு விரிசலைக் கண்டேன்.

பிரித்துச் செய்ய மூன்று நாளாகும். அது மட்டுமா? நான் தேர்ந்தெடுத்த குழாய் உள்ளே துருவேறியது என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மாலை புதிய துரை, என் கைவேலையைக் காட்ட அடுத்த தோட்டத்துத் துரையை அழைத்துவருவதாக இருந்தார்.

விரிசலின் மேல் கறுப்புப் பெயின்ட் பூசினேன்.

பெயின்ட் காய்வதற்குள் மருந்தய்யா பையோடு வந்துவிட்டார். மேல் லயத்தில் ஒருத்திக்கு வலியாம்.

"எடுத்துட்டுப் போகலாமா மாணிக்கம்?"

"தாராளமாப் போங்கய்யா."

இரண்டே சொல்!

காலை வெளிச்சத்திலும் மூட்டம் மலையை விழுங்கியிருந்தது. வண்டி ஏறும் சத்தம் மட்டும் கேட்டது... திடீரென்று அது கீச்சிட்டு நின்றது. ஓடினேன்.

வளைவில், ரோட்டோரத்தில், யாரோ இறக்கிவைத்ததுபோல் அந்தப் பெட்டி தனியாக உட்கார்ந்திருந்தது. உள்ளே மருந்துப் பை அசையாமல் இருந்தது. வண்டியையும் அவரையும் காணோம். வலப்புறச் சரிவில் தேயிலைச் செடிகள் கிழிந்து கிடந்தன.

நான் எங்கே போனேன் தெரியுமா? அவரிடமல்ல... குழாயிடம்.

முறிந்த வாயில் ஒரு பாதி பளபளத்தது. மறு பாதி கறுப்பாக இருந்தது. பெயின்ட் விரிசலுக்குள் கசிந்திருந்தது! யார் பார்த்தாலும் பழைய விரிசல் என்று தெரிந்துவிடும். சட்டைப்பையிலிருந்த அரத்தை எடுத்து அராவினேன்.

"மாணிக்கம்..."

சரிவுக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். சத்தமாக இல்லை, பக்கத்தில் நின்று கூப்பிடுவதுபோல் இருந்தது. கறுப்பு முழுவதும் போகும்வரை அராவிவிட்டுத்தான் இறங்கினேன். அவர் கண்கள் நான் வரும் திசையைப் பார்த்தபடி திறந்திருந்தன. மூச்சு இல்லை.

மேல் லயத்துப் பெண் அங்கேயே பெற்றாள். பிள்ளை தங்கவில்லை.

வந்த பொலிஸ் அதிகாரி மலையைப் பார்த்துவிட்டு, "மீதும, நேத?" என்று சிங்களத்தில் கேட்டார். பனிமூட்டந்தானே என்கிறார். "ஓவ் மாத்தயா", ஆமாம் ஐயா என்றேன்.

சாவு வீட்டுக் காரியங்கள் முடிந்ததும், அவர் மனைவி ரீத்தா வண்டியை எனக்கே தந்தாள். மறுத்தால் சந்தேகப்படுவார்களோ என்று அஞ்சி வாங்கிக்கொண்டேன். நசுங்கியதை நிமிர்த்தினேன். பெட்டியை உடைத்து எரித்தேன். வண்டி வெறும் வண்டியாயிற்று.

ஆனால் மூட்டம் இறங்கினால் அது இடப்பக்கம் இழுத்தது! பெட்டி இருந்தபோது இழுத்ததுபோலவே... உள்ளே ஆள் இருந்தால் எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவு. நூல் பிடித்துப் பார்த்தேன். இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோடு. வெயிலில் ஓட்டினால் ஒரு குறையுமில்லை.

ஒரு நாள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி மலையிலிருந்து கூவினாள்.

"மாணிக்கண்ணே! பெட்டியில யாரக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

நிறுத்தி நிமிர்ந்தேன். அவள் கண்ணைக் கசக்கினாள். "அய்யய்யோ, பெட்டியையே காணோமே... மூட்டத்தில தப்பாத் தெரிஞ்சிருச்சுண்ணே" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதன்பின் மூட்ட நாளில் வண்டியை எடுப்பதில்லை.

மருந்தக வீட்டைக் காலி செய்து ரீத்தா தன் அண்ணனோடு கம்பளைக்குப் புறப்பட்ட நாளில், மூட்டமாக இருந்ததால், வழியனுப்ப றொசல்ல ஸ்டேசனுக்கு நடந்தே போனேன். அவள் அண்ணன் டிக்கெட் வாங்கப் போன நேரத்தில், அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்கதானே மொதல்ல போய்ப் பார்த்தீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரு ஒடனே போயிட்டாரா? இல்ல, கெடந்து யாரையாச்சும் கூப்பிட்டாரா?"

ரயில் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஒடனே போயிட்டாரும்மா. ஒரு சத்தமும் இல்ல."

"அது போதும்ணே..." என்றாள். அத்தனை நாள் இறுகிக் கிடந்த முகம், என் கண்ணெதிரே தளர்ந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயிலேறினாள்.

அந்த அமைதியைக் கெடுக்க மனம் வராமல்தான் பொய் சொன்னேன் என்று, திரும்பி நடந்த வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தப் பத்து வருடமும் சொல்லிப் பார்க்கிறேன்.

நீங்களாவது அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிவிடாதீர்கள்!