பூசாரியைக் கட்டிக்கொண்ட டீச்சர்

போன வாரம் எங்கள் மலை டவுன் தானா ராத்தாவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாயசம் வருவதற்குள் கேட்டேவிட்டார்.

"நீங்க பூசாரி வீட்டம்மாதானே? திருநீறு வைக்க மறந்துட்டீங்களா டீச்சர்?"

"மறக்கலைங்க. நான் வைக்கிறதில்ல."

எதிர் வரிசையில் நெற்றி நிறையத் திருநீறோடு என் கணவர் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார். அம்மாள் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்தார்.

அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஈப்போ நகரிலிருந்து இங்குள்ள தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியையாக வந்தேன். என் அப்பா சுயமரியாதைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. அந்த இடத்தில் புத்தக அலமாரி. எனக்குத் தமிழ்தான் எல்லாம்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பூசாரி சுப்ரமணி. பகலில் தேயிலை ஆலையில் வேலை. காலையும் மாலையும் கோயில். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் குரல்... கேட்டால் நடக்கிற கால் நின்றுவிடும்.

விடியற்காலையில் ஒலிபெருக்கியில் அம்மனை எழுப்பிப் பாடுவார். 'துயில் களைந்து எழுவாய் தாயே' என்று இருக்கவேண்டிய பாட்டு. அவர் உருகி உருகிப் பாடியதோ — 'துகில் களைந்து எழுவாய் தாயே'!

துயில் என்றால் தூக்கம். துகில் என்றால் சேலை. தூக்கம் கலைந்து எழச் சொல்வதற்குப் பதில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் பார்த்தீர்களா? தோட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டது.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் கோயிலுக்குப் போனேன் — வாழ்க்கையில் முதல்முறையாக. கும்பிட இல்லை... பிழை திருத்த.

கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் காது மடல் சிவந்துபோய் நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இத்தன வருசமா ஆத்தா என்னையப் பொறுத்துக்கிட்டாளே டீச்சர்! மிச்சப் பாட்டையும் பாத்துக் கொடுப்பீங்களா?"

ஞாயிறுதோறும் பள்ளி வராந்தாவுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். நான் பொருள் சொன்னேன். அவர் பாடிக் காட்டினார். நான் பரீட்சைக்காகப் படித்துக் கடந்த சொற்களெல்லாம் அவர் வாயில் உயிரோடு எழுந்து நின்றன. இரண்டு வருடம். அப்புறம் என்ன? நீங்கள் நினைத்ததுதான்.

அப்பாவிடமிருந்து ஒரே வரியில் கடிதம்: 'உன் இஷ்டம், மணியாட்ட மட்டும் போகாதே.' இங்கே கோயில் தலைவர் கங்காணி ராமசாமி, சுப்ரமணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சாமி இல்லன்னு சொல்ற பொண்ணுலா அது. அவளத்தான் கட்டுவேன்னா கோயில் சாவிய வச்சிட்டுப் போ."

நான் பயந்துபோனேன். "கொஞ்ச நாள் திருநீறு பூசிக்கிறேன். ரெண்டு தடவை விழுந்து கும்பிடுறேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன் அவரிடம்.

"எனக்குத் தெரியும். ஆத்தாளுக்கும் தெரியும். பொய்க் கும்பிடு வேணாம் டீச்சர்."

சாவியை வைத்துவிட்டார். பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டோம்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. ஆலையிலிருந்து வந்து குளித்தார், வேட்டி கட்டினார், போக இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்தார். அடுத்த வெள்ளியும் அப்படியே. ஆறு மாதம்! என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஆனால் பாடவும் இல்லை. கோயிலுக்கு டவுனிலிருந்து பஸ்ஸில் ஒருவர் வந்தார். மணியை அடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

இந்த மனிதரின் தொண்டையை நான்தான் அடைத்துவிட்டேனா?

கோயில் ஆண்டுக் கூட்டம் வந்தது. ஆண்கள் பேசுவார்கள், பெண்கள் பின்னால் நின்று கேட்பார்கள். நான் ஓரடி முன்னே வந்தேன்.

"எனக்குச் சாமி நம்பிக்கை இல்ல. அத ஒளிக்கல. ஆனா அவருக்கு இருக்கு. எனக்கு இல்லாததுக்கு அவர ஏன் தண்டிக்கிறீங்க?"

கங்காணி நெளிந்தார். "ஒரே ஒரு கும்பிடு போட்டுருங்களேன் டீச்சர்... இப்பவே சாவியக் கொடுத்துடுறேன்லா."

கூட்டம் முழுக்க என் கைகளைப் பார்த்தது. உண்மையைச் சொல்கிறேன் — கைகள் லேசாக எழுந்தேவிட்டன. பின்னாலிருந்து சுப்ரமணியின் குரல் வந்தது.

"டீச்சர்... வேணாம்."

கையை இறக்கினேன். "முடியாதுங்க."

அப்போது பெண்களை விலக்கிக்கொண்டு பொன்னம்மாக்கா முன்னால் வந்தார். தோட்டத்தில் அவர் அளவுக்குக் கொழுந்து பறிக்க ஆள் கிடையாது. அவர் அளவுக்குப் பேசவும் ஆள் கிடையாது.

"ஏங்க கங்காணி, இத்தன பேரு கும்பிடுறோம். ஒருத்தி கும்பிடலன்னா ஆத்தா என்ன கொறஞ்சா போயிடுவா? எம்புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப தெனம் வீட்டுக்கு வந்து பாடுனது சுப்ரமணி. டவுன் பூசாரிக்கு எம்புள்ள பேராச்சும் தெரியுமா? தூக்குங்கடி கைய!"

தூக்கினார்கள். கொழுந்துக் கறை படிந்த கைகள்... ஒன்று, பத்து, ஐம்பது! அந்தக் கூட்டத்தில் அதற்குமுன் ஒரு பெண்ணும் கை தூக்கியதில்லை. பிறகு ஆண்கள். கடைசியில், தலையைச் சொறிந்துகொண்டே, கங்காணியும்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் பாடினார் பாருங்கள்... ஆறு மாதம் தேங்கியது அத்தனையும் மடை உடைத்துக்கொண்டு வந்தது. நான் கோயில் வாசலுக்கு வெளியே நின்று அழுதேன். பக்தியில் இல்லை, பெருமையில்.

காதல் வந்தால் இருவரில் ஒருவர் கரைந்துபோக வேண்டும் என்கிறார்கள். எதற்கு? அவர் நம்பிக்கை இன்றும் முழுசாக இருக்கிறது. என் தமிழும்தான் — அடுத்த வருடமே கோயில் மண்டபத்தில் ஞாயிறு தமிழ் வகுப்பு தொடங்கினேன். கரும்பலகை மாட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? கங்காணி.

இரண்டு வருடம் கழித்து அப்பா வந்தார். "வகுப்பைப் பார்க்கத்தான்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்து பூசை தொடங்கியது. மருமகன் பாட ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னப்பா, கண்ணை மூடிட்டீங்க?" என்று குனிந்து கேட்டேன்.

"பஸ்ல வந்த களைப்பும்மா" என்றார்.

களைப்புதான். ஆனால் தொடையில் போட்ட தாளம் மட்டும் ஓரிடத்திலும் தப்பவில்லை.