மைக் செட்காரரின் காது

திருவாரூரில் ஒரு காது மருத்துவரின் வாசலில் அவரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள். கட்சிக் கூட்டங்களுக்கு மைக் செட் கட்டியே நரைத்தவர். பேசும்போதெல்லாம் வலது கை, இல்லாத ஒரு குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைக்கப் பார்க்கும். இரைச்சலோ அவர் காதுக்குள் இருந்தது.

மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கொதிப்போடு வெளியே வந்தார்.

“என்னங்க சொன்னார்?”

“நரம்புக்கு லேசா கரண்டு குடுத்து இரைச்சலை அடக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குதாம். காத்திருக்கணுமாம். நிலம் கேட்ட சனத்துக்கிட்ட, ‘பரிசீலனையில இருக்கு, காத்திருங்க’ன்னு ரெண்டு கட்சியும் சொன்னதை ஊர் ஊரா அலறவிட்டவன் நான். இப்ப எனக்கே அதைச் சொல்றாங்க!”

அப்போது தெருவில் ஒரு தேர்தல் ஆட்டோ வந்தது. ‘நிலமற்றவருக்கு நிலம்’ என்று அதன் ஒலிபெருக்கி கத்தியது. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ ஓடிப்போய் அதற்கு நேரே நின்றார்.

“இருக்கிற காதும் போகணுமா?” என்று கத்தினேன்.

“இந்தச் சத்தத்துலதாங்க உள்ள இருக்கிற சத்தம் அடங்குது.”

அவர் கை சும்மா இருந்தது. ஆட்டோ திருப்பத்தில் மறைந்ததும் விரல்கள் மறுபடி திருகத் தொடங்கின.

அந்த ஆட்டோவைத் திட்டியிருக்க வேண்டுமா, திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.