வாய்க்கால் கூட்டத்தில் நான் சொன்னது

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தம் செய்திருந்த சமாதான காலம். உருத்திரபுரத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நாட்டின் அபிவிருத்தித் திட்டத்தில் எங்கள் பகுதியையும் சேர்க்கப் போகிறார்களாம். ஊருக்கு என்ன தேவை என்று சனத்திடமே கேட்டு எழுத, மாவட்ட அலுவலகமான கச்சேரியிலிருந்து ஒரு ஐயாவும் கொழும்பிலிருந்து ஒரு பெண் அதிகாரியும் வந்திருந்தார்கள்.

ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். வாய்க்கால் திருத்த வேண்டும், வீதி போட வேண்டும், நெல் வைக்க ஒரு களஞ்சியம் வேண்டும். என் கணவரும் வாய்க்காலைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். ஐயா எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். முடியப்போகிற நேரத்தில் அந்தப் பெண் அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார்.

"பெண்கள் இவ்வளவு பேர் இருக்கிறீங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்லையே?"

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நானும்தான் குனிந்தேன். ஆனால் எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது.

என் மகன் இடப்பெயர்வில் பிறந்தவன். தறப்பாள் கூரை போட்ட கொட்டிலுக்குள், அக்கம்பக்கத்துப் பெண்கள் கைகொடுக்கப் பெற்றேன். பச்சை உடம்போடு தண்ணீர்க்குடம் தூக்கினேன், விறகு தூக்கினேன். ஒருநாள் கிணற்றடியில் குடத்தை இடுப்பில் வைத்தபோது அடிவயிற்றில் ஏதோ கழன்று இறங்கியது போலிருந்தது. கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன் என்று பயந்து மறைத்தேன். இருமினால் சிறுநீர் கசியும். குனிந்தால் வலிக்கும். இரவில் கணவர் பக்கத்தில் வந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லி, மகனுக்கு அந்தப்பக்கம் போய்ப் படுத்துவிடுவேன். ஏழு வருடம் இப்படியே போனது. ஊருக்குத் திரும்பிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று பார்த்தால், அங்கே ஆண் டொக்டர்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு கர்ப்பப்பை இறங்கிப் போச்சுது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. காட்டுறதுக்கு இஞ்சை ஒரு பொம்பிளை டொக்டர் இல்லை. எங்களுக்கு அதுவும் வேணும்" என்றேன்.

பக்கத்தில் இருந்த அயல்வீட்டு அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து, "இரடி, இரடி" என்று உட்காரச் சொன்னா. ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கச்சி, அது சுகாதாரப் பகுதிக்குச் சொல்லவேண்டிய விசயம். இது அபிவிருத்திக் கூட்டமெல்லோ" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் உட்கார மனம் வரவில்லை. "ஐயா, வாய்க்காலைத் திருத்தித் தண்ணி வந்தால், வயலுக்கை இறங்கிக் களை பிடுங்கிறது நாங்கள்தானே? குனிய ஏலாத உடம்போடை எப்பிடிப் பிடுங்கிறது?" என்று கேட்டேன்.

பெண் அதிகாரி எழுந்து வந்து ஐயாவின் கையிலிருந்த சோக்கை வாங்கி, வாய்க்காலுக்குக் கீழே, "பெண்களின் கர்ப்பப்பை நோய்களுக்கு வைத்தியம்" என்று பெரிதாக எழுதினார்.

ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கூட்டம் கலைந்ததும் கணவர் வாசலில் சைக்கிளோடு நின்றார். ஏறச் சொல்லவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். வாய்க்கால் கட்டுக்கு வந்தபோதுதான், "கரியரிலை இருக்கேக்கை நோகுமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

அவர் நடையை நிறுத்தினார். பிறகு, "நான் உமக்கு என்னிலை வெறுப்பெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். நான் அந்த வாய்க்கால் கட்டின்மேலேயே குந்தியிருந்து அழுதேன். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தார். வீதியால் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

மறுநாள் காலை, சேலையைப் பிடித்து இழுத்த அதே அக்கா புளி கேட்டு வந்தா. புளியை வாங்கியும் போகவில்லை. அடுப்படி வாசலில் நின்று, "எனக்கும் உந்த வருத்தந்தான், பிள்ளை" என்றா. பிறகு இன்னொருத்தி வந்தாள். அதற்குப் பிறகு இன்னொருத்தி. ஒருத்திக்கு அடுத்தடுத்து வயிற்றிலேயே பிள்ளை அழிந்திருக்கிறது. இன்னொருத்திக்கு இனிப் பிள்ளை வேண்டாம், அதை யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியாது. இவ்வளவு காலமும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியிருக்கிறோம், ஒருத்திக்கு ஒருத்தி சொன்னதில்லை.

கணவர் என்னை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஒரு பெண் டொக்டர் பரிசோதித்தா. இறங்கியதைத் தாங்க ஒரு வளையம் வைக்கலாம், இல்லாவிட்டால் சத்திரசிகிச்சை செய்து கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, "என்ன செய்வோம்?" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டா.

"அவாவைக் கேளுங்கோ டொக்டர். இவ்வளவு காலமும் அவாதானே தாங்கினவா" என்றார் அவர்.

டொக்டர் தான் இருந்த கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து எனக்கு விளங்கப்படுத்தினா. எனக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டுமென்ற ஆசை இருந்தது. அதை நினைத்து அந்த விறாந்தையில் கனநேரம் இருந்தேன். கணவர் தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார், தன் முகத்தைப் பார்த்து நான் முடிவெடுக்கக்கூடாது என்பதுபோல. ஏழு வருடம் பட்டது போதும் என்று, எடுத்துவிடச் சொன்னேன். என் உடம்பைப் பற்றி நானே எடுத்த முதல் முடிவு அதுதான்.

கரும்பலகையில் எழுதியது கொழும்புவரை போனதா, எந்தத் திட்டத்திலாவது ஏறியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வருடம் எங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒருநாள் பெண் டொக்டர் வரத் தொடங்கினா. முதல் நாள் என் கணவர்தான் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டி நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனார். பள்ளம் திட்டியில் குலுங்காமல் மெல்ல மெல்ல ஓட்டினார்.

பிறகு சண்டை வந்தது. அந்த மாதக் கிளினிக்கும் போனது, ஊரும் போனது. மறுபடியும் பொதி சுமந்து நடந்தோம். சத்திரசிகிச்சை செய்திருந்ததால்தான் அந்த நடையை என் கால்களால் நடந்து முடிக்க முடிந்தது என்பதை மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போதும் எங்காவது அபிவிருத்திக் கூட்டம் என்றால் நேரத்தோடு போய் முன்வரிசையில் இருந்துவிடுகிறேன். வீதியையும் வாய்க்காலையும் சொல்ல எப்போதும் ஆட்கள் இருப்பார்கள், மற்றதைச் சொல்ல ஒருத்தியாவது எழும்ப வேண்டுமே.