இரண்டு நாள் புல்வெட்டு

என் மகள் வேலை பார்த்த ஈப்போ தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேலை போனவர்களுக்குச் சில மாதம் உதவித் தொகை உண்டாம். ஆனால் எங்கெங்கே வேலை கேட்டாள் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் பசியாறியதும் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறாள். கிடைக்காது என்று தெரிந்த வேலைக்கெல்லாம் மனுப் போடுகிறாள். நேற்று ஒரு கடையில் மூன்று நாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

“போனா உதவிப் பணம் நின்னுருமா, போகலன்னா நின்னுருமா, ஒண்ணும் புரியலலா அம்மா” என்றாள்.

எனக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. அப்பாவின் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது.

அப்போது பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பா பால் வெட்டிக்கொண்டிருந்த மரங்கள் கிழடாகிவிட்டன என்று மொத்தமாகச் சாய்த்துவிட்டார்கள். புதுக் கன்று வளர்ந்து பால் கொடுக்க ஆறு வருடமாவது ஆகும். அதுவரை அப்பாவுக்கு அங்கே வேலை இல்லை.

தோட்டத்துத் துரை இரக்கப்பட்டு ஓர் ஏற்பாடு செய்தார். வேலை போனவர்கள் ஆறு மாதம் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டிலேயே இருக்கலாம், வாரா வாரம் அரிசியும் உண்டு. அதற்குப் பதிலாக வாரத்துக்கு மூன்று தோட்டங்களில் வேலை கேட்க வேண்டும். வேலை இல்லை என்று அந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி எழுதிக் கொடுக்கும் சீட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எங்காவது வேலை கிடைத்துவிட்டால் அரிசி நிற்கும், வீட்டையும் விட வேண்டும். எத்தனை நாள் வேலை என்று அந்த ஏற்பாட்டில் இல்லை; ஒரு நாள் கிடைத்தாலும் கிடைத்ததுதான்.

அம்மாவுக்கு நிறைமாதம். வீடுதான் அப்பாவுக்குப் பெரிய கவலை.

அந்தச் சீட்டும் லேசில் கிடைக்காது. ஒரு கிராணி வெயில் ஏறும்வரை நிற்க வைப்பார். இன்னொருவர், வேலை இல்லை என்று எழுதித் தருவதற்கு முன்னால், தன் வீட்டுச் சாக்கடைக் கால்வாயைச் சுத்தம் செய்யச் சொன்னார். அப்பா செய்துவிட்டு, கை கழுவிவிட்டு வந்து, இரண்டு கையாலும் சீட்டை வாங்கிக்கொண்டார்.

பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் சைக்கிளில் கூட்டிப் போவார். நான் யாரிடமும் பேச மாட்டேன். பெயர் கேட்டால்கூட அப்பாவின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். வழியில் ஒரு முனியாண்டி கோயில் இருந்தது. தகரக் கூரை, ஒரு சூலம், அவ்வளவுதான். ஒரு நாள் அதைத் தாண்டும்போது, அப்பாவுக்கு இன்றைக்காவது வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அன்றைக்கு அந்த வாரத்தின் மூன்றாவது தோட்டத்துக்குப் போனபோது அப்பாவின் பையில் இரண்டு சீட்டு சேர்ந்திருந்தது. அங்கே கிராணி சின்ன வயசுக்காரர், சிரித்த முகம்.

“அண்ணே, உங்களுக்கு நல்ல நேரம். புல்லு வெட்ட ஆளு வேணும். ரெண்டு நாளு. வாரீங்களா?”

“அதுக்கப்புறம்ங்க ஐயா?”

“அப்புறம் எங்க? நம்ம ஆளுங்களுக்கே வேலை காணாது.”

அப்பா தலையைச் சொறிந்தார். “எனக்குப் பால் வெட்டத்தாங்க தெரியும். புல்வெட்டு பழக்கமில்ல. பால்வெட்டு இல்லைன்னு ஒரு சீட்டு மட்டும் போட்டுக் குடுத்துடுங்க.”

“வேலை இருக்குன்னா ஓடுறீங்களே அண்ணே” என்று சிரித்துக்கொண்டே அவர் பேனாவைத் திறந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா ஏன் தெரியாது என்கிறார்? சட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

“எங்கப்பா நல்லா வெட்டுவாங்க! எங்க வீட்டுக்குப் பின்னால எல்லாம் அவங்கதான் வெட்டுவாங்க!”

கிராணி விழுந்து விழுந்து சிரித்தார். “பாப்பாவே சாட்சி சொல்லிருச்சு, இனிமே என்னண்ணே?” என்று வேறொரு தாளை எடுத்து, அப்பாவின் பெயரைக் கேட்டு, வேலை கொடுத்தாயிற்று என்று எழுதினார்.

பிறகு நடந்தது கொஞ்சம்தான். அப்பா இரண்டு நாள் புல் வெட்டினார். அந்த வாரம் எங்கள் ஆபீசில் அரிசிக்கு நின்றபோது, வேலை கிடைத்தவர் என்று பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். வீட்டையும் விட வேண்டியதாயிற்று. தாப்பாவில் சித்தி வீட்டு அடுப்படி ஓரத்தில் துணி கட்டி மறைத்து, அங்கேதான் தம்பி பிறந்தான். அப்பா ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. அம்மாவிடம் நான் பேசியதைச் சொன்னாரா என்றும் எனக்குத் தெரியாது.

ஆனால் வேலை கிடைத்த அன்றைக்குத் திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பையிலிருந்த இரண்டு சீட்டையும் அப்பா என்னிடம் கொடுத்து, “வச்சு விளையாடும்மா” என்றார். கோயில் வந்ததும், சைக்கிளை நிறுத்துங்கள், சாமிக்குக் கும்பிடு போட வேண்டும் என்றேன். அப்பா நிறுத்தினார். என் பக்கத்தில் வந்து நின்று அவரும் கைகூப்பினார். நான் கும்பிட்டு முடித்த பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றார்.

வேலை கிடைத்ததற்கு என்னைவிட அதிகமாக நன்றி சொல்கிறார் என்று நினைத்து, சீட்டில் கப்பல் செய்துகொண்டு காத்திருந்தேன்.